"வீட்டில் வேறு யாருக்காவது உண்டா?" – ஒரு கேள்வியின் வரலாறு



போன பதிவில் தரங்கம்பாடிக் கோட்டையைப் பற்றி எழுதியபோது "அடுத்து என்ன டீச்சர்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இன்றைக்குக் கோட்டையும் இல்லை, ராஜாவும் இல்லை. குடலைப் பற்றி எழுதப்போகிறேன். முகம் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் வீட்டுக் கதை.

என் தங்கை மகனுக்கு 26 வயது. பெங்களூரில் வேலை. போன வருஷம் அவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. தங்கியிருந்த இடத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தான். எடை 9 கிலோ இறங்கியது. போனில் அம்மா கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, வேலை டென்ஷன்" என்பான். ஒரு டாக்டரிடம் போனபோது அவர் கேட்டாராம்: "வீட்டில் வேறு யாருக்காவது குடல் நோய் உண்டா?" இவன் "இல்லை சார்" என்று சொன்னான். வாயுவுக்கும் அஜீரணத்துக்கும் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே எட்டு மாதம் ஓடிவிட்டது.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது.

அவனுக்கு நாலு வயதாக இருந்தபோது அவன் அம்மாவுக்குச் சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். குரோன் நோய். அதற்கு முன்னால் ஒன்பது மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டும் குணமாகவில்லை. ஆனால் ஊருக்கும் உறவுக்கும் நாங்கள் சொன்னது "அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்". எங்கள் அம்மாவின் யோசனை அது. "பொம்பளப் பிள்ளை ஒண்ணு இருக்கு. நாளைக்குக் கல்யாணம் காட்சி பண்ணணும். குடல்ல தீராத நோயின்னு வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க" என்றார். தங்கை தினமும் சாப்பிடும் மாத்திரை பிள்ளைகளுக்கு "அம்மாவோட அல்சர் மாத்திரை" ஆனது. அந்தப் பொய்யை அதிகம் பேரிடம் சொன்னவள் நான்தான். உண்மையைத் தேடச் சொல்லி 34 வருஷம் வரலாறு நடத்தியவள்.

இப்போது பையனுக்குச் சரியான வைத்தியம் நடக்கிறது. எடை திரும்ப ஏறியிருக்கிறது. இதை எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். "எழுதுக்கா. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றாள். அவனும் சரி என்றான்.

நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது வரலாறு. அதனால் அந்த டாக்டர் கேட்ட ஒரு வரிக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். "வீட்டில் வேறு யாருக்காவது உண்டா?" என்று கேட்கத் தெரிவதற்கு மருத்துவ உலகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

முதலில் நோய் என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். குடல் அழற்சி நோய் என்று பொதுவாகச் சொல்வதில் முக்கியமாக இரண்டு உண்டு. ஒன்று குரோன் நோய்; வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். மற்றொன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்; பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி ரத்தமும் சளியுமாகப் போகும். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குகிறது. ஒட்டுவாரொட்டி அல்ல. அடங்கும், மறுபடி தலைகாட்டும். சரியான மருந்தோடு படிப்பு, வேலை, குடும்பம் எல்லாம் நடத்தலாம். என் தங்கையே சாட்சி.

1. தூக்குமேடை வரை போன கதை

லண்டன், 1859. தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்று ஒரு டாக்டர். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர். மனைவியை விட்டுவிட்டு, கொஞ்சம் சொத்துள்ள இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண்ணை இரண்டாவதாக மணந்துகொண்டார். சில மாதங்களில் அந்த அம்மாவுக்கு ஓயாத வாந்தி, ரத்த வயிற்றுப்போக்கு. மே மாதம் இறந்துபோனார். சொத்தை இவர் பெயருக்கு எழுதியும் வைத்திருந்தார். சும்மா விடுவார்களா? விஷம் வைத்துவிட்டார் என்று வழக்கு.

அன்றைக்கு இங்கிலாந்தில் விஷப் பரிசோதனைக்குப் பேர்போனவர் ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர். ஸ்மெதர்ஸ்டிடமிருந்து எடுத்த ஒரு புட்டியில் ஆர்சனிக் இருக்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு, தான் சோதனைக்குப் பயன்படுத்திய செப்புக் கம்பி வலையிலிருந்துதான் அந்த ஆர்சனிக் வந்தது என்று அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியும் ஜூரி குற்றவாளி என்றது. தூக்குத் தண்டனை.

பத்திரிகைகளும் மருத்துவர்களும் கொதித்தார்கள். மனுமேல் மனு போனது. உள்துறை அமைச்சர் இன்னொரு பெரிய மருத்துவரிடம் கருத்துக் கேட்டார். கடைசியில் கொலைக் குற்றத்துக்கு மன்னிப்பு. இருதார மணத்துக்காக மட்டும் ஒரு வருஷம் சிறை!

நமக்கு வேண்டியது வழக்குக்குப் பின்னால் உள்ள ஒரு கடிதம். இசபெல்லாவின் குடலைப் பார்த்துப் பரிசோதித்தவர் கைஸ் மருத்துவமனையின் சாமுவேல் வில்க்ஸ். பெருங்குடலிலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் இருந்த புண்களை அவர் விவரமாக எழுதிவைத்தார். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வரலாறு அந்தக் கடிதத்திலிருந்துதான் வழக்கமாகத் தொடங்குகிறது. சிறுகுடலும் பாதிக்கப்பட்டிருந்ததால் அது குரோன் நோயாகவே இருந்திருக்கலாம் என்று பின்னால் படித்த மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நோய்க்கே பெயர் இல்லாத காலத்தில் "குடும்பத்தில் உண்டா?" என்று யார் கேட்பது? இசபெல்லாவின் சகோதரி லூயிசா வந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லாரும் தேடியது விஷப் புட்டியை.

2. "அ" வரிசையில் பெயர் வாங்கிய நோய்

1913ல் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் கென்னடி டால்சீல் இந்த நோயை அழகாக விவரித்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பாதிக்கப்பட்ட குடல் விறைத்துப்போன விலாங்கு மீன் மாதிரி இருப்பதாகச் சொன்னார். காசநோய் மாதிரி தெரிகிறது, ஆனால் காசநோய்க் கிருமி இல்லை என்றும் கவனித்தார். மறுவருஷம் உலகப் போர் வந்துவிட்டது. கட்டுரையும் மறந்துபோயிற்று.

1932ல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அறுவை சிகிச்சை செய்தவர் ஏ.ஏ. பெர்க். "நான் எழுதாத கட்டுரையில் என் பெயர் எதற்கு?" என்று அவர் ஒதுங்கிவிட்டார். ஆசிரியர் பெயர்களை அகர வரிசையில் போடுவது அந்த இதழின் வழக்கம். ஆங்கில எழுத்து வரிசையில் குரோன் முதலில் வந்ததால் அது குரோன் நோய் ஆனது. பெர்க் மட்டும் சரி என்றிருந்தால் என் தங்கைக்கு வந்தது பெர்க் நோய்! வகுப்பில் வருகைப் பதிவேட்டில் முதல் பெயராக இருந்து எப்போதும் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு இது புரியும்.

இன்னொரு சுவையான செய்தி. முதலில் அவர்கள் வைத்த பெயர் "டெர்மினல் இலியைட்டிஸ்". சிறுகுடலின் கடைசிப் பகுதி அழற்சி என்று பொருள். ஆனால் "டெர்மினல்" என்றால் சாகப்போகிற நோய் என்று ஜனங்கள் பயப்படுவார்கள் என ஒருவர் எடுத்துச் சொல்ல, "ரீஜனல்" என்று மாற்றினார்கள். பெயர் கேட்டே பயப்படுவது எங்கள் அம்மா மட்டும் இல்லை.

இந்தக் கட்டுரையின் பெரிய பலன், காசநோயிலிருந்து இதைத் தனியாகப் பிரித்துக் காட்டியது. ஆனால் காசநோய் அதிகமாக உள்ள நம் நாட்டில் இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. குடல் காசநோயும் குரோன் நோயும் ஸ்கோப்பிலும் ஸ்கேனிலும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். என் தங்கை ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டதை யார்மேலும் குற்றமாகச் சொல்லமாட்டேன். டாக்டர்களுக்கே அது கடினமான முடிச்சு.

3. ஜனாதிபதியின் குடல்

1956 ஜூன். அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்குக் கடுமையான வயிற்றுவலி. குடல் அடைத்துக்கொண்டது. வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இரவோடு இரவாக அறுவை சிகிச்சை. குரோன் நோய். அது தேர்தல் வருஷம். அதற்கு முந்தைய வருஷம்தான் மாரடைப்பு வந்திருந்தது. மறைக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் நோயின் பெயர் பத்திரிகைகளில் வந்தது, மருத்துவர்கள் நிருபர்களிடம் பேசினார்கள். ஜனங்கள் தங்கள் ஜனாதிபதியின் குடலைப் பற்றிப் படித்தார்கள். நவம்பரில் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. உலகப் போரை நடத்திய தளபதி, தேர்தல் நேரத்தில் சொன்னதை, நாங்கள் ஒரு வரன் தட்டிப்போகுமோ என்று ஒளித்து வைத்தோம். அந்தப் பெண் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகி இரண்டு குழந்தை. மாப்பிள்ளை வீட்டில் இப்போது சொன்னபோது அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "இதை ஏன் முன்னாலேயே சொல்லலை? நாங்க என்ன சொல்லியிருப்போம்?"

4. தவறாகக் கேட்ட கேள்வி

1930களிலிருந்து சில காலம் மருத்துவ உலகம் குடும்பத்தைப் பார்த்தது. ஆனால் குற்றம் சொல்லப் பார்த்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மனசிலிருந்து வரும் நோய் என்று ஒரு கருத்து பரவியது. சிகாகோவின் மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் 1950ல் மனம் சார்ந்த நோய்கள் என்று ஏழைப் பட்டியலிட்டார். அதில் இதுவும் ஒன்று. அம்மா வளர்ப்பு சரியில்லை, பிள்ளை கோபத்தை அடக்கிக்கொண்டது என்றெல்லாம் விளக்கங்கள். கவலையும் அலைச்சலும் இருக்கிற நோயைக் கிளப்பிவிடலாம். நோயைப் படைப்பது அதுவல்ல என்று இன்று தெரிகிறது. ஆனாலும் "டென்ஷன்" என்ற சொல் நம் வீடுகளில் இன்னும் வைத்தியம் பார்க்கிறது. எங்கள் பையன் எட்டு மாதம் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தான்.

5. இரட்டையர்களும் டென்மார்க்கும்

ஒரே வீட்டில் இருவருக்கு இந்த நோய் வருவதை மருத்துவர்கள் அங்கங்கே கண்டிருந்தார்கள். ஆனால் "அங்கங்கே கண்டேன்" என்பது ஆதாரம் ஆகாது. எண்ணிப் பார்க்க வேண்டும்.

1988ல் ஸ்வீடனில் எண்ணினார்கள். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்காவது குடல் அழற்சி நோய் உள்ள 80 ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலான இரட்டையர்களில் குரோன் நோய் இருந்தது 18 ஜோடி. அதில் 8 ஜோடியில் இருவருக்குமே நோய். தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையர் 26 ஜோடியில் ஒன்றே ஒன்றில்தான் இருவருக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அச்சு அசல் இரட்டையர் 16 ஜோடியில் ஒன்று.

கணக்கு வாத்தியார் இல்லாமலே இதிலிருந்து இரண்டு பாடம் படிக்கலாம். குரோன் நோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரே மரபணு உள்ள 18 ஜோடியில் 10 ஜோடியில் ஒருவர் தப்பித்திருக்கிறார். ஆகவே பரம்பரை தலையெழுத்து அல்ல. வேறு என்னவோ சேர வேண்டும்.

அடுத்தது டென்மார்க். தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்களே, அதே நாடு. அந்தக் காலத்திலேயே கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்கள் என்று போன பதிவில் எழுதினேன். 1968லிருந்து அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண். 1977லிருந்து மருத்துவமனைப் பதிவுகள் நாடு முழுக்க ஒரே ஏட்டில். யார் யாருக்கு அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்பதும், யாருக்கு என்ன நோய் என்பதும் சேர்த்துப் பார்க்கலாம். 1991ல் கோபன்ஹேகன் பகுதி நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, நெருங்கிய ரத்த உறவுகளுக்கு அபாயம் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு என்று எழுதினார்கள். பின்னால் நாடு முழுக்க எண்ணியபோது குரோன் நோய்க்கு ஏறக்குறைய 8 மடங்கு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு 4 மடங்கு என்று வந்தது.

இங்கே நிறுத்தி மூச்சு விடுங்கள். "எட்டு மடங்கு" என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். மிகச் சின்ன எண்ணை எட்டால் பெருக்கினாலும் சின்ன எண்தான். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால், பிள்ளைக்கு வராமலே போவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாய்ப்பு. அப்பா அம்மா இருவருக்கும் இருந்தால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு வரை அபாயம் ஏறும். பயப்படுவதற்கு இந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை. தெரிந்து வைத்திருப்பதற்கு நிறைய இருக்கிறது.

6. நோய் வரும் முன்பே குடல் சொல்லும் சேதி

1986ல் அமெரிக்காவில் டேனியல் ஹொலாண்டர் என்பவர் ஒரு புதுமை செய்தார். நோயாளிகளோடு, நோய் இல்லாத அவர்களுடைய உறவினர்களையும் பரிசோதித்தார். குடலின் சுவர் வழியாக ரத்தத்துக்குள் என்ன கசிகிறது என்று அளந்தார். உறவினர்களிலும் பலருக்குக் கசிவு அதிகம். எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் சுவர் இளகியிருக்கிறது. ஒருவேளை நோய்க்கு முன்னாலேயே இது தொடங்கிவிடுகிறதோ?

2001ல் நோட்-2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். குரோன் நோய் உள்ள குடும்பங்களை வைத்துத்தான் பாரிஸ் குழுவினர் அதைத் தேடிப் பிடித்தார்கள். பெரிய கொண்டாட்டம். ஆனால் ஐரோப்பியர்களிடம் கண்ட அந்த மாற்றங்கள் ஜப்பானிய நோயாளிகளிடம் இல்லை. ஆக, "ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்" என்று யாராவது உங்களிடம் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்த வழி, பழைய ரத்தம். இஸ்ரேல் ராணுவத்தில் சேர்ந்தவர்களின் ரத்தத்தைச் சேமித்து வைக்கும் வழக்கம் உண்டு. பின்னால் குரோன் நோய் வந்த 32 பேரின் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். 10 பேரிடம் நோய் தெரிவதற்கு முன்பே ஒருவகை எதிர்ப்பொருள் இருந்தது. நோய் வராத 95 பேரில் ஒருவரிடமும் இல்லை. இது 2005ல் வெளிவந்தது. 2020ல் அமெரிக்க ராணுவச் சேமிப்பு ரத்தத்திலும் இப்படியே, ஐந்து வருஷம் முன்பே அறிகுறி தெரிந்தது. ஏட்டுச் சுவடியைப் புரட்டிப் பழைய காலத்தைத் தெரிந்துகொள்கிறோமே, அதே வேலைதான். இங்கே சுவடி ரத்தம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய முயற்சி கனடாவில் 2008ல் தொடங்கியது. பெயர் ஜெம் திட்டம். டொராண்டோ மவுண்ட் சினாய் மருத்துவமனையின் கென்னத் குரோய்ட்டோரு தலைமை. இது நியூயார்க் மவுண்ட் சினாய் அல்ல, பெயர் மட்டும் ஒன்று. குரோன் நோயாளிகளின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும்தான் இதில் சேர்ந்தார்கள். 6 முதல் 35 வயது வரை, முழு ஆரோக்கியமாக உள்ளவர்கள், பல நாடுகளிலிருந்து 5,000 பேருக்கு மேல். ரத்தம், மலம், சிறுநீர் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள்.

சோதனை எளிமையானது. மன்னிட்டால், லாக்டுலோஸ் என்று இரண்டு சர்க்கரைகளைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். முதலாவது சின்னத் துகள், குடல் சுவரில் சுலபமாக நுழையும். இரண்டாவது பெரியது, நுழையக்கூடாது. சிறுநீரில் இரண்டாவது அதிகமாக வந்தால் சுவரில் இடைவெளி உண்டு என்று அர்த்தம். மாவு சலிக்கும் சல்லடையில் ஓட்டை பெரிதாகிவிட்டதா என்று பார்ப்பது போல.

2020ல் 1,420 பேரின் முடிவை வெளியிட்டார்கள். அதில் 50 பேருக்குப் பின்னால் குரோன் நோய் வந்திருந்தது. கசிவு அதிகமாக இருந்தவர்களுக்கு அபாயம் மூன்று மடங்கு. நோய் தெரிவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே எடுத்த சோதனையிலும் இது தெரிந்தது. 2023ல், பின்னால் நோய் வந்தவர்களின் குடல் நுண்ணுயிர்க் கூட்டமும் முன்பிருந்தே வேறு மாதிரி இருந்தது என்று சொன்னார்கள். சின்ன வயதில் வீட்டில் நாய் வளர்த்தவர்களுக்கும், முதல் வயதில் ஆட்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கும் நோய் குறைவாக வந்ததாம். கூட்டுக் குடும்பத்தைப் பற்றி நான் பேசும்போது சிரித்தவர்கள் கவனிக்கவும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1,420ல் 1,370 பேருக்கு அந்தக் காலத்தில் நோய் வரவில்லை. கசிவு இருந்தும் நோய் வராதவர்களே அதிகம். அதனால் இந்தச் சோதனைகள் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கின்றன. முன்கூட்டிக் கொடுத்துத் தடுக்கும் மருந்தும் இன்னும் இல்லை.

7. நம் பக்கம்

நம்மவர்களுக்கு இது வராது, இது வெள்ளைக்காரர்கள் நோய் என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 1992ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எண்ணியபோது, அங்கு குடியேறிய தெற்காசியர்களுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஐரோப்பியர்களைவிட இரண்டு மடங்கு வந்திருந்தது. 2003ல் லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். லட்சத்துக்கு 44 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. அரிய நோய் என்று சொல்ல முடியாது. லண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் பிள்ளை வளர்க்கும் என் மாணவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. அப்படியானால் என்ன செய்வது?

நான் படித்ததும், பையனின் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் இவை. உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

ஒன்று. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளை இவர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருந்து, உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லையென்றால், கொலோனோஸ்கோபிக்கு ஓட வேண்டாம். ஆரோக்கியமான உறவினர் எல்லாரும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவ விதி எதுவும் இல்லை.

இரண்டு. தொந்தரவு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நாலு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஆறாத பவுத்திரம், திரும்பத் திரும்ப வாய்ப்புண், இவற்றோடு மூட்டுவலியோ கண் சிவப்போ. ரத்தம் வந்தால் "மூலமாக இருக்கும்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

மூன்று. டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும், "என் அம்மாவுக்கு இந்த நோய் உண்டு" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வரி அவருடைய யோசனையின் பாதையை மாற்றும். கால்புரோடெக்டின் என்று ஒரு மலப் பரிசோதனை இருக்கிறது. 1980ல் நார்வேயில் மாக்னே ஃபாகர்ஹால் அடையாளம் கண்ட புரதம். குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் அது ஏறும். ஊசி இல்லை, குழாய் இல்லை. சாதாரணத் தொற்றிலும் வலி மாத்திரையாலும்கூட ஏறலாம் என்பதால், அதை வாசிக்க வேண்டியவர் டாக்டர்தான்.

நாலு. சிகரெட் குரோன் நோய் வரும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். குடும்பத்தில் நோய் உள்ள வீட்டுப் பையன்கள் தொடவே கூடாது. டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தையும் விடுங்கள்.

ஐந்து. இது என் மாணவர்களில் ஆசிரியர் ஆனவர்களுக்கு. குழந்தைகளுக்கு இந்த நோய் சில சமயம் வயிற்றைக் காட்டாமல் வளர்ச்சியைத்தான் காட்டும். உயரம் ஏறாது, பூப்பெய்துவது தள்ளிப்போகும், எப்போதும் சோர்வு. வகுப்பில் அடிக்கடி "டீச்சர், வெளியே போகணும்" என்று நிற்கும் பிள்ளையை நானும் "உட்கார்" என்று அதட்டியிருக்கிறேன். மெலிந்த ஒரு பையன் முகம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அவனுக்கு என்ன இருந்ததோ, நான் கேட்கவே இல்லை. நீங்கள் கேளுங்கள், அனுப்புங்கள், வீட்டுக்கும் சொல்லியனுப்புங்கள்.

கடைசியாக உறவுகளுக்கு.

நம் வீடுகளில் மூன்று தலைமுறை ஜாதகம் மஞ்சள் தடவிப் பத்திரமாக இருக்கிறது. தாத்தா எந்த நட்சத்திரம் என்று தெரியும், எந்த நோயில் போனார் என்று கேட்டால் "வயித்துல ஏதோ" என்கிறோம். டென்மார்க் ஒரு நாடாகச் செய்ததை நாம் ஒரு வீடாகச் செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பெயர், உறவு, நோய், எந்த வயதில் வந்தது, என்ன ஆபரேஷன். உண்மையை எழுதுங்கள். அப்பெண்டிக்ஸ் என்று எழுதாதீர்கள்.

எங்கள் வீட்டு நோட்டில் முதல் பக்கத்தை நான் எழுதிவிட்டேன். தங்கை பெயர், அடுத்து அவள் மகன் பெயர். போன வாரம் தங்கை மகள் தன் இரண்டு குழந்தைகளோடு வந்திருந்தாள். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதை நான் போட்டோ எடுத்து வச்சுக்கிறேன். குழந்தை டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். எங்கள் அம்மா யாருடைய கல்யாணத்துக்காக அதை மறைக்கச் சொன்னாரோ, அந்தப் பெண்.

இதைப் படித்துவிட்டுத் தங்கையிடம் துக்கம் விசாரிக்க யாரும் போன் போட வேண்டாம். நன்றாக இருக்கிறாள், மாவடு போட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், இங்கே எல்லார் முன்னாலும் எழுத வேண்டாம். உங்கள் பிள்ளைகளிடம் இன்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லுங்கள்.

அடுத்த பதிவில் கோட்டைக்குத் திரும்புவோம்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்